சொர்ணத்தாய் வாழ்கவே

கண் விழித்ததிலிருந்து எனக்குத் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஞாபகமாகவே இருக்கிறது. விளக்குத்தூண் பக்கம் எங்கள் ஜவுளிக்கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னாலேயே தெரு முழுக்கத் தலை தலையாக நிற்குமே, அந்த ஞாயிறு. அன்றைக்குக் காலையில் ஒரு இட்லிகூட உள்ளே இறங்காது. பயம் என்று சொல்ல முடியாது, பயம் மாதிரி ஒன்று, அதில் கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கும். இன்றைக்கும் அதேதான். ஆபீசரம்மா வருகிறார்கள். இந்த மாதிரி முதியோர் இல்லங்களையெல்லாம் சுற்றிப் பார்த்து, ஒழுங்காக நடக்கிறதா இல்லையா என்று மேலே சொல்லுகிற ஆபீசரம்மா. வரட்டும், சீக்கிரம் வரட்டும். அவரிடம் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொர்ணத்தாயை ஸ்டோர் ரூமில் கட்டிப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இவ்வளவுதான். மழலை மாறாத பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் எனக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, கூடவே பேச்சும் போய்விட்டது. மொத்தமாகத் தொலைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரே ஒரு வார்த்தையை மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. நல்லாருக்கு. தண்ணீர் வேண்டும் என்று வாயைத் திறந்தால் நல்லாருக்கு. முதுகு அரிக்கிறது, நல்லாருக்கு. கக்கூஸ் நாறுகிறது, குழம்பில் உப்பில்லை, இங்கே கொண்டுவந்து விட்ட என் தம்பி மகன் எப்போது வருவான், எல்லாவற்றுக்கும் நல்லாருக்கு. ஏன் இந்த வார்த்தை என்று எனக்குத் தெரியாதா என்ன. வயசுக் காலம் பூராவும் புடவை செக்‌ஷனில் நின்றவள் நான். தலைப்பைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, நல்லாருக்குக்கா, உங்க கலருக்கு நல்லாருக்கு, வச்சிட்டுப் போனீங்கன்னா வருத்தப்படுவீங்க என்று நாளெல்லாம் சொன்ன வாய். மற்ற வார்த்தையெல்லாம் மேல் தட்டில் இருந்திருக்கும் போல, ஆடின ஆட்டத்தில் விழுந்து நொறுங்கிவிட்டது. இது மட்டும் கைக்கு எட்டுகிற தட்டில் இருந்திருக்கிறது.

மேனேஜர் தனபாலனுக்கு அந்த வார்த்தை வெல்லக்கட்டி. யார் வந்தாலும் என்னிடம்தான் முதலில் கூட்டிக்கொண்டு வருவார். அம்மா, இங்க எப்படி இருக்கு சொல்லுங்க. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, தலையை இல்லை இல்லை என்று ஆட்டிச் சொல்லுவேன், நல்லாருக்கு. பார்த்தீங்களா சார் என்பார். தலை ஆடுவது வியாதியினால் என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு மேனேஜர் விடியும் முன்னாலேயே வந்துவிட்டார். பீரோவிலிருந்து பெட்ஷீட்டெல்லாம் வெளியே வந்துவிட்டது. என் கட்டிலுக்கு இளம் பச்சை. இடது கையால் தடவிப் பார்த்தேன், இன்னும் கஞ்சிகூடப் போகவில்லை, அந்துருண்டை வாசனை, மடிப்பு நுனி கையில் குத்துகிறது. போன வருஷமும் இதே ஷீட்தான். அப்போது வந்த ஆபீசர் ஆபீஸ் ரூமிலேயே இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார், கார் மெயின் ரோட்டில் ஏறுவதற்குள் எங்களைப் புரட்டிப் புரட்டி ஷீட்டை உருவிவிட்டார்கள். ஆபீசர் வருவது இவர்களுக்கு எப்படித்தான் முன்னாலேயே தெரிகிறதோ. சம்பந்தி வீட்டுக்கு வருகிற மாதிரி போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் வருவார்களோ. வெள்ளைச் சேலை கட்டிய மூன்று பெண்களும் வந்து இறங்கியிருக்கிறார்கள், எங்கேயோ நர்ஸ் வேலை படிக்கிற பிள்ளைகள், ஒரு நாளைக்கு மட்டும் நிற்க வேண்டுமாம். பாவம், எதைத் தொடுவது எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் சுவரோரம் நின்று போனைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் இத்தனை கட்டிலுக்கும் செல்வி ஒருத்திதான். குளிப்பாட்ட, சோறூட்ட, துணி மாற்ற, தரை துடைக்க, எல்லாம் அவள். அவளைத் திட்டவும் மனசு வருவதில்லை, திட்டாமலும் இருக்க முடிவதில்லை. திட்டினாலும் என்ன, நல்லாருக்கு என்றுதான் கேட்கும்.

சொர்ணத்தாயைக் கட்டியதும் செல்விதான். சொர்ணம் என் பக்கத்துக் கட்டில். அவளுக்குப் பஸ்தான் எப்போதும் நினைப்பு. அருப்புக்கோட்டையில் தங்கச்சி இருக்கிறாள், அங்கே போக வேண்டும், பஸ் வந்துருச்சா தாயி, பஸ் வந்துருச்சா தாயி, ஒரு நாளில் நூறு தடவை கேட்பாள். கேட் திறந்திருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள். ஒரு தடவை ரிங் ரோடு வரைக்கும் போய், லாரிக்காரர் ஒருத்தர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். அன்றையிலிருந்து அவள் கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். யாரோ தானமாகக் கொடுத்த சுங்குடிப் புடவையைக் கிழித்த துணி. நல்ல அரக்குச் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள். எத்தனை பேருக்கு அந்தப் புடவையை விரித்துக் காட்டியிருப்பேன், அது மணிக்கட்டில் இறுகும் என்று நினைத்தேனா. இழுத்து இழுத்துத் தோல் உரிந்து, புண்ணாகி, இப்போது வாடை வருகிறது. உடம்பு கொதிக்கிறது. ராத்திரியெல்லாம் முனகல். டாக்டர் வந்தாரா, வரவில்லை. ஆபீசரம்மா பார்த்தால் என்ன ஆகும், அதனால் இன்று காலையில் செல்வி வந்து கட்டை அவிழ்த்தாள். சொர்ணம், பஸ் வந்துருச்சுத்தா, எந்திரி. அந்த முகம். ஐயோ, அந்த முகத்தை என்னவென்று சொல்லுவேன். காய்ச்சலிலும் தலையைத் தடவிச் சரிபண்ணிக்கொண்டு, பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, வரட்டா சீனியம்மா, போயிட்டுக் கடுதாசி போடுறேன் என்றாள். நான் போகாதே, போகாதே என்று கத்தினேன். நல்லாருக்கு, நல்லாருக்கு. அவள் சிரித்துக்கொண்டே போனாள். அடுப்படி தாண்டி ஸ்டோர் ரூம், இந்த ஹாலுக்குப் பின் சுவர்தான், அரிசி மூட்டை வைக்கிற இடம், ஜன்னல் கிடையாது. கதவு சாத்துகிற சத்தம், பூட்டு நாதாங்கியில் விழுகிற சத்தம் எல்லாம் கேட்டது. கையை மறுபடி கட்டியிருப்பார்கள், வாயைக் கட்டியிருக்க மாட்டார்கள். தேவையில்லை. சொர்ணம் தானாகக் குரல் கொடுக்கிற ஆள் இல்லை, கேட்டால் பதில் சொல்லுவாள், அவ்வளவுதான். அவள் கட்டிலைக்கூட மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் பக்கத்தில் இப்போது ஒரு பூத்தொட்டி இருக்கிறது. பிளாஸ்டிக் பூ.

ஆனால் என்னிடம் ஒரு வித்தை இருக்கிறது. எனக்குப் பாட வரும். பேச வராது, பாட வரும். இங்கே வந்த புதிதில் தெரிந்தது. பிறந்தநாள், கல்யாண நாள், செத்தவருக்குத் திதி, எதற்கும் யாராவது வந்து எங்களுக்குச் சாப்பாடு போடுவார்கள். போட்டவரை வாழ்த்தாமல் ஒரு பருக்கை வாயில் வைக்க முடியாது. அதற்கென்று மேனேஜர் சம்சாரம் ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறாள். வாழ்க வாழ்க வாழ்கவே, இன்னார் என்றும் வாழ்கவே, வயிறு குளிர்ந்தோம் நாங்களே, வளமாய் நாளும் வாழ்கவே. அந்த இன்னார் என்கிற இடத்தில் அன்றைக்குச் சோறு போட்டவர் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் ஒருத்தர் ஒரு வரி பாட, ஹால் முழுக்கத் திருப்பிப் பாடும். என்ன பெரிய பாட்டு, பந்திச் சாம்பார் மாதிரி வாழ்கவே மட்டும் வாளி வாளியாக இருக்கிறது. முதல் நாள் எல்லாரும் பாடும்போது நானும் வாயைத் திறந்தேன், தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி வார்த்தை வந்தது. வாழ்க. வயிறு. நாங்களே. நான் அப்படியே சிரித்துவிட்டேன், கண்ணில் நீர் வழிந்தது. மேனேஜர் பார்த்தார், அவருக்கு இதைவிட என்ன வேண்டும். மறுநாளிலிருந்து முதலில் எடுத்துப் பாடுகிறவள் நான்தான். பேச வராதுங்க, பாடும் பாருங்க என்று வருகிறவர்களிடம் காட்டுவார். அவர்களும் போனில் படம் பிடிப்பார்கள். சொர்ணத்தாய்க்கு மட்டும் பாட்டு ஒரு வரி பிந்தித்தான் வரும். எல்லாரும் மூன்றாவது வரியில் இருக்கும்போது அவள் இரண்டாவதைப் பாடிக்கொண்டிருப்பாள். காதில் விழுந்தது உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வெளியே வரும். நாங்கள் பாடி முடித்து வாயை மூடின பிறகு, ஒற்றைக் குரலாக வளமாய் நாளும் வாழ்கவே என்று வரும். வந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தும் ஒன்றும் மாறவில்லை.

இன்றைக்கு அந்தப் பெயர் வைக்கிற இடத்தில் பெயரை வைக்கப்போவதில்லை. வேறு வைக்கப்போகிறேன். ஆபீசரம்மா பெயர் மங்கையர்க்கரசியாம், மேனேஜர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார், மங்கையர்க்கரசி மேடம் என்றும் வாழ்கவே, அது மெட்டில் எப்படி அடங்கும், கஷ்டம்தான், அடங்க வேண்டிய அவசியமும் இல்லை. சொர்ணத்தாயைக் கட்டிப்போட்டு, ஸ்டோர் ரூமில் பூட்டிவைத்து. அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காருகிறது. காலையில் குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பாடிப் பார்த்தேன். சொர்ணத்தாயைக் கட்டிப்போட்டு. வந்தது. ஸ்டோர் ரூமில் பூட்டிவைத்து. அதுவும் வந்தது. என்னத்தா, குளிக்கும்போதே கச்சேரியா என்று செல்வி முதுகில் தண்ணீரை ஊற்றினாள். அவள் காதில் விழுந்ததா விழவில்லையா. விழுந்திருந்தால் முகம் மாறியிருக்கும். மாறினதா. எனக்கு முதுகல்லவா அவள் பக்கம் இருந்தது. அப்புறம் மாத்திரை. இன்றைக்கு எல்லாருக்கும் ஒரு மாத்திரை கூடுதல், சும்மா இருக்கட்டும் என்று கொடுக்கிற தூக்க மாத்திரை. எனக்கு வலது கன்னத்தில் உணர்ச்சி கிடையாது, சோறு போய் அங்கே தங்கினாலே எனக்குத் தெரியாது. செத்துப்போன கன்னம் ஒரு காரியத்துக்கு உதவியது. அங்கே ஒதுக்கி வைத்து, செல்வி அந்தப் பக்கம் திரும்பியதும் பூத்தொட்டியில் துப்பிவிட்டேன். ஆனால் மற்றவர்கள். ராமாயி தூங்கி வழிகிறாள், ஜெபமணி டீச்சர் தலை தொங்குகிறது. இவர்கள் திருப்பிப் பாடாவிட்டால் நான் ஒருத்தி மட்டும் கத்தி என்ன. கத்தினால் அப்புறம் என்னை என்ன செய்வார்கள். அரிசி மூட்டைக்கு நடுவில் இரண்டு பேருக்கு இடம் இருக்கும். இருக்கட்டுமே. கடையில் நிற்கிற காலத்தில் ஒரு நாள் கால் மரத்துப்போய்த் தூணில் சாய்ந்ததற்குச் சூப்பர்வைசர் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தான், மறுநாளும் சாய்ந்தேன், வேண்டுமென்றே சாய்ந்தேன். அந்தச் சீனியம்மாள்தான் நான். சொர்ணத்தாயைக் கட்டிப்போட்டு, சொர்ணத்தாயைக் கட்டிப்போட்டு. கார் சத்தம். இல்லை, பால் வண்டி. சொர்ணத்தாயை. இப்போது கார்தான். கதவு சாத்துகிற சத்தமே வேறு.

வந்துவிட்டார்கள். ஆபீசரம்மா குள்ளமாக, கறுப்பாக, களைத்துப்போய் இருக்கிறார். கட்டியிருப்பது கஞ்சி போட்ட கோவைக் காட்டன், சாம்பல் நிறம், முந்தானையை இழுத்துச் செருகியிருக்கிறார், வேலை செய்கிற பெண் கட்டுகிற கட்டு. எனக்குப் பிடித்திருந்தது. இளநீர் வேண்டாம் என்றார். மேனேஜர் முகத்தில் ஒரு நிமிஷம் இருட்டு, அப்புறம் பழைய சிரிப்பு. பெட்ஷீட்டைக் காட்டினார், வெள்ளைச் சேலைப் பிள்ளைகளைக் காட்டினார், வாடகைக்கு வந்த சக்கர நாற்காலியைக் காட்டினார். பின்னாலே என்ன ரூம் என்று கேட்டார் ஆபீசரம்மா. ஸ்டோர் மேடம், அரிசி பருப்பு, எலித் தொல்லை, அதான் பூட்டியே வச்சிருக்கோம். சரி என்று திரும்பிவிட்டார். அவ்வளவுதானா. நேராக என்னிடம் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் இடது கையைப் பிடித்தார். எப்படிம்மா இருக்கு இங்க, பயப்படாமச் சொல்லுங்க. நான் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தேன். ஸ்டோர் ரூம், ஸ்டோர் ரூம், உதட்டைக் குவித்து, பல்லைக் கடித்து, கடவுளே இந்த ஒரு தடவை மட்டும். நல்லாருக்கு. அவர் என் கண்ணையே பார்த்தார். நல்லாருக்கு, நல்லாருக்கு, நல்லாருக்கு. மேனேஜர் பின்னால் நின்று சிரித்தார். அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் மேடம் வரும், ஆனா பாடச் சொல்லுங்க, அசந்துருவீங்க. எம்மா, மேடத்துக்கு நம்ம பாட்டைப் பாடு. ஆபீசரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ரெண்டு இல்லத்துக்குப் போகணும் சார். ஒரே நிமிஷம் மேடம், வாழ்த்துறது அவங்களுக்கு ஒரு சந்தோசம். போதும், நீயே வாசலைத் திறந்துவிட்டாய் தனபாலா, நன்றாக இரு.

வாழ்க வாழ்க வாழ்கவே என்று எடுத்தேன். கணீரென்று வந்தது. ஹால் தூக்கத்தோடு திருப்பிப் பாடியது, பழக்கம் மாத்திரையைவிடப் பெரியது போல, ஜெபமணி டீச்சர் கண்ணைத் திறக்காமலே பாடினாள். இப்போது, இப்போது. சொர்ணத்தாய், என்று தொடங்கினேன், கட்டிப்போட்டு, கட்டிப்போட்டு, வாய் வழுக்கிவிட்டது. வண்டி எத்தனை நாள் ஓடின தடம் அது, அதிலேயே போய் இறங்கிவிட்டது. சொர்ணத்தாய் என்றும் வாழ்கவே. இல்லை, இல்லை, இது இல்லை. ஆனால் ஹால் அதையும் திருப்பிப் பாடிவிட்டது, சொர்ணத்தாய் என்றும் வாழ்கவே. மேனேஜர் சிரிப்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேர் மாறிப்போச்சு மேடம், அது போன வாரம் சாப்பாடு போட்டவங்க. மூன்றாவது வரியில் பிடித்துவிடலாம், ஸ்டோர் ரூமில், ஸ்டோர் ரூமில், வயிறு குளிர்ந்தோம் நாங்களே. பாவி வாய். நாசமாய்ப் போகிற வாய். நான்காவது வரியும் அதுபாட்டுக்குப் போய்விட்டது, வளமாய் நாளும் வாழ்கவே, ஹாலும் பாடி முடித்துவிட்டது. முடிந்தது. ஆபீசரம்மா கை தட்டினார், பையைத் தோளில் மாட்டினார், ரொம்ப நல்லாப் பாடுறீங்கம்மா என்றார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன், சொர்ணம், உன்னை விட்டுவிட்டேன், என்னால் முடியவில்லை. அப்போது பின் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெல்ல, கரகரத்து, ஒற்றைக் குரலாக வந்தது. வளமாய் நாளும் வாழ்கவே.

ஒரு வரி பிந்தி. ஒரு வரி பிந்தி. என் ராசாத்தி, நீ எங்கே இருந்தாலும் ஒரு வரி பிந்தித்தானே பாடுவாய், அதை நான் எப்படி மறந்தேன். ஆபீசரம்மா நின்றுவிட்டார். யாரு அது. மேனேஜர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். எதிரொலி மேடம், ஹால் பெருசு பாருங்க. ஆபீசரம்மா சுவரைப் பார்த்தார். நம்பிவிடுவார் போல இருந்தது, நம்ப யாருக்குத்தான் பிடிக்காது, நம்பினால் நேரத்தோடு கிளம்பலாம். நான் யாரையும் கேட்கவில்லை. இரண்டாவது வரியை மட்டும் எடுத்தேன். சொர்ணத்தாய் என்றும் வாழ்கவே. தப்பாக வந்த அதே வரி, இந்தத் தடவை தெரிந்தே பாடினேன், தொண்டை கிழியப் பாடினேன். ஹால் திருப்பிப் பாடியது. மூன்றாவது வரியைக் கொடுக்காமல் வாயை இறுக மூடிக்கொண்டேன். போதும் போதும் என்றார் மேனேஜர். ராமாயி விழித்துக்கொண்டு, ஸ்ஸ் என்று அவரை அடக்கினாள். அவளுக்கும் தெரியும், எங்கள் எல்லாருக்கும் தெரியும், அந்தக் குரலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று. காத்திருந்தோம். வந்தது. சொர்ணத்தாய் என்றும் வாழ்கவே. தன் பெயரைத் தானே பாடினாள். அப்புறம் பாட்டை விட்டுவிட்டு, நெஞ்சில் கபம் கட்டிய குரலில் கேட்டாள், பஸ் வந்துருச்சா தாயி?

எதிரொலி பஸ் கேக்குதா சார் என்றார் ஆபீசரம்மா. குரலை உயர்த்தவே இல்லை. சாவி வேணும். சாவி இங்க இல்ல மேடம், டவுன்ல சாமான் வாங்கப் போன பையன் கையில போயிருச்சு, நாளைக்கு நானே வேணும்னா, என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருக்கும்போது செல்வி முன்னால் வந்தாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். குழாய்ச் சத்தத்தில் அவள் காதில் விழுந்திருக்கிறது, இப்போது தெரிந்துவிட்டது எனக்கு, காலையிலிருந்தே அவளுக்குத் தெரியும். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தாள். நாந்தான் மேடம் கட்டினேன், என்றாள், அவுக்குறதுக்கும் எனக்குத்தான் தெரியும், வாங்க. மேனேஜர் செல்வி, செல்வி என்றார், அவள் காதில் வாங்காமல் நடந்தாள். ஆபீசரம்மா பின்னாலேயே போனார், போகும்போதே போனை எடுத்து ஆம்புலன்ஸ் என்று யாரிடமோ சொன்னார். அடுப்படியில் ஏதோ பாத்திரம் உருண்டது. பூட்டு நாதாங்கியில் இடித்துத் திறக்கிற சத்தம், கதவு தரையில் உரசுகிற சத்தம். அதன் பிறகு ஆபீசரம்மா ஐயோ என்று சொன்னது. அதற்கும் பிறகு சொர்ணத்தாயின் குரல், புதிதாகப் பார்த்தவரிடம் மரியாதையாக, நீங்க கண்டக்டருங்களா. வெள்ளைச் சேலைப் பிள்ளைகளில் ஒருத்தி என் பக்கத்தில் வந்து, என் கன்னத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். என்ன பாட்டி, என்ன ஆச்சு, உங்களுக்கு ஒண்ணுமில்லையே என்றாள்.

நல்லாருக்கு, என்றேன். அதைத்தான் சொல்ல நினைத்தேன்.